சிவப்பு அடித்த ஓடுகள்

அந்த யோசனை எனக்கு ஏணியில் நின்றுகொண்டிருந்தபோது வந்தது. கையில் ஒரு சீமை ஓடு. அதன் அடிப்பக்கம் பல்லி முட்டை, எலிப் புழுக்கை, என்னவென்றே தெரியாத ஒரு கறுப்புப் பிசின். கூரைமேல் குந்தியிருந்த சித்தாள் அக்கா ஓட்டைக் கழற்றிக் கொடுக்க, நான் பாதி ஏணியில் நின்று வாங்கிக் கீழே இறக்கிக்கொண்டிருந்தேன். என்னை யாரும் ஏறச் சொல்லவில்லை. பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் வீட்டில் உட்கார்ந்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அதனால் ஏறினேன்.

பருத்திப்பட்டில் அப்பா வாங்கியிருந்த பழைய ஓட்டு வீடு அது. அதுவரைக்கும் ஆவடியில் பாக்டரி குவார்ட்டர்ஸில்தான் இருந்தோம். சொந்தமாக ஒரு தளம் போட்ட வீடு வேண்டும் என்பது அப்பாவின் பல வருஷ ஆசை. அதனால் சுவரை வைத்துக்கொண்டு, ஓட்டைப் பிரித்துவிட்டு, கான்கிரீட் போடுவதாக ஏற்பாடு.

"இத்தெல்லாம் இன்னா பண்ணப் போறாரு பாப்பா உங்க நைனா?" என்று அக்கா மேலே இருந்து கேட்டாள்.

"பின்னாடி பள்ளத்துல கொட்டி ரொப்பிடலாம்னு மேஸ்திரி சொல்றாருக்கா."

"அய்ய! பள்ளத்துலயா? ஓடு ஒண்ணொண்ணும் கல்லு மாரி கீது. சட்டத்தப் பாரு, வைரம் பாஞ்ச பனை. கொட்டுவாங்களாம் பள்ளத்துல. நல்லா சொன்னாரு மேஸ்திரி."

சொல்லிவிட்டு அடுத்த ஓட்டைக் கழற்றப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, என்னிடம் சொல்கிற மாதிரியும் இல்லாமல், தன் வீட்டுக் கதையைச் சொன்னாள். ஏரிக்கரை ஓரம் மண்சுவர் வைத்த குடிசை. மேலே கீற்று. போன மழையில் கீற்று மக்கிப்போய் ஒழுகியது. மகளை சென்னீர்குப்பத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறாள். மகள் இப்போது முழுகாமல் இருக்கிறாள், மாசம் நெருங்கிவிட்டது. தலைப்பிரசவம், அம்மா வீட்டுக்குத்தான் அழைத்து வரவேண்டும். அழைக்கப் போனபோது சம்பந்தி அம்மாள் வாசலிலேயே நிறுத்தி, "ஒயுகுற ஊட்டுக்கா எம் மருமவள அனுப்பறது? பொறக்குற புள்ள நீச்சல் கத்துக்கிறதுக்கா?" என்று கேட்டிருக்கிறாள்.

"சிரிக்கிறாங்க பாப்பா, அந்த ஊட்ல அத்தினி பேரும் சிரிக்கிறாங்க. எம் பொண்ணு ஒரு ஓரமா தலைய குனிஞ்சுகினு நிக்குது."

அவ்வளவுதான். எனக்குத் தலைக்குள் விளக்கு எரிந்துவிட்டது. அந்த ஓடு, அந்தப் பனஞ்சட்டம், ஓடு தாங்குகிற ரீப்பர் பட்டை, ஒரு ஜன்னல், பின்கட்டுக் கதவு. எங்களுக்குக் குப்பை. ஏரிக்கரையில் அது ஒரு முழு வீடு. நான் ஏணியிலிருந்து இறங்கிய வேகத்தில் பாவாடை ஆணியில் மாட்டிக் கிழிந்தது.

அப்பா உடனே சரி என்றார். அதை நான் மறைக்கவில்லை. "எடுத்துக்கிடட்டும், நமக்கு என்னத்துக்கு அது? ஆனா ஒண்ணுட்டி, இந்த மேஸ்திரி பழைய ரீப்பரப் புது வேலையில சொருகிருவான். அதுக்கு ஒரு வழி பண்ணுதேன்" என்றார். மறுநாளே பாக்டரியிலிருந்து வரும்போது ஒரு சின்ன டப்பா சிவப்புப் பெயின்ட் வாங்கிவந்தார். ஓட்டு அடுக்கு, சட்டக் குவியல், ஜன்னல், கதவு எல்லாவற்றிலும் பட்டையாக ஒரு சிவப்புக் கோடு.

இந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. அப்பா வேலை பார்த்தது பொருளைச் சோதித்துப் பார்க்கிற பிரிவில். தேறாத பொருள்மேல் சிவப்பு விழும். பார்சல் வந்த மரப்பெட்டிகளுக்கும் அப்படித்தான். பிரித்த பெட்டியில் சிவப்பு அடித்துவிட்டால் அது இனி பாக்டரிக்கு வேண்டாம், சீட்டு வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். குவார்ட்டர்ஸில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அந்தப் பலகையில் செய்த ஒரு முக்காலியோ, செருப்பு ஸ்டாண்டோ, கோழிக்கூண்டோ இருக்கும். அதன் ஏதாவது ஒரு மூலையில் தேய்ந்துபோன சிவப்பு. அந்த மனிதர்களின் கண்ணுக்குச் சிவப்பு என்றால் ஆளில்லாத பொருள். முந்தியவனுக்குச் சொந்தம். அப்பாவுக்கு இது தெரியாதா? அவர்தானே வாழ்நாள் முழுக்க அதை அடித்தவர். ஆனால் மேஸ்திரியை நினைத்து அடித்தவர், குவார்ட்டர்ஸை நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. வேலி போட்டாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன்.

அக்கா அன்றைக்கே தூக்கிக்கொண்டு போகத் தயார்தான். ஆனால் அவள் வீட்டு மண்சுவரை ஒரு முழம் ஏற்றவேண்டியிருந்தது. ஓட்டுக்கு அந்த உயரம் போதாது. வேலை முடித்துப் போய், சாயங்காலத்தில் அவளே மண் குழைத்து ஏற்றினாள். அவள் தம்பி மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் வண்டி சும்மா இருக்கும். எங்கள் வீட்டுத் தளமும் அதே ஞாயிற்றுக்கிழமைதான். "தளத்தப் போட்டுட்டு, அப்டியே ஏத்திகினு போயிடறேன். வெள்ளிக்கியம என் பொண்ண இட்டாந்துருவேன்" என்று அக்கா கணக்காகச் சொன்னாள். சனிக்கிழமை இரவோடு இரவாக மக்கிய கீற்றையெல்லாம் பிரித்து, பக்கத்துக் குடிசைகளுக்கு அடுப்பெரிக்கக் கொடுத்தும் விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு டைப்ரைட்டிங் பரீட்சை. அம்பத்தூரில். என் வீட்டுத் தளம் போடுகிற அன்றைக்கு நான் எங்கேயோ உட்கார்ந்து விரலை உடைத்துக்கொண்டிருந்தேன். பஸ் பிடித்து, இறங்கி, ஓட்டமும் நடையுமாகத் திரும்பியபோது மதியம் சாய்ந்துவிட்டது. தெரு முனையிலேயே கலவை மிஷின் சத்தம். வாசலில் பெரிய அண்டாவில் சர்க்கரைப் பொங்கல், காலி. ஏலக்காய் வாசனை மட்டும் மிச்சம். வாழையிலைகளை மாடு இழுத்துக்கொண்டிருந்தது. குவார்ட்டர்ஸ்காரர்கள் வந்து தளம் பார்த்துச் சாப்பிட்டுப் போய்விட்டார்கள் என்று அம்மா சொன்னாள்.

நான் மதில் ஓரம் பார்த்தேன்.

ஓடு இல்லை. சட்டம் இல்லை. ரீப்பர் இல்லை. ஜன்னல் இல்லை. சுத்தமாக வழித்து எடுத்துப் போயிருந்தார்கள். நல்லதை எல்லாம் எடுத்துக்கொண்டு, விரிசல் விட்டதையும் முனை உடைந்ததையும் தனியாகப் பொறுக்கி ஒதுக்கிவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்தப் பொறுக்கிய அழகுதான் முதலில் என் கண்ணில் பட்டது. திருடனாவது அவசரத்தில் கைக்கு வந்ததை எடுப்பான். இவர்கள் பொங்கல் கையைக் கழுவிக்கொண்டு, நிதானமாக, கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி பொறுக்கியிருக்கிறார்கள். மிச்சம் கிடந்தது மூன்றே சாமான். உடைந்த ஓட்டுக் குவியல், பழைய கக்கூஸ் பீங்கான், கழற்றிப் போட்டிருந்த வாசல் நிலை. அடுத்தவர் வீட்டு நிலையைக் கொண்டுபோய்த் தன் வீட்டில் வைத்தால் ஆகாதாம், அதனால் அதைத் தொடவில்லை. சாஸ்திரம் எல்லாம் சரியாகத் தெரிந்திருக்கிறது.

"யாரும்மா எடுத்தா?"

"உங்கப்பாவோட ஃபோர்மேன் சார்தான் முதல்ல கேட்டாரு. நாய்க்கு ஒரு கூடு கட்டணுமாம். அப்புறம் அவரு பக்கத்து வீட்டு மாமி, குரோட்டன்ஸ் பாத்திக்கு வரப்பு வைக்க நாலு ஓடுன்னாங்க. அப்புறம் ஒருத்தரப் பாத்து ஒருத்தர்... யாரோ டெம்போ கொண்டாந்தாங்க. அந்த மாமி நம்ம கலவையிலயே ரெண்டு சட்டி வாங்கிட்டுப் போனாங்கடி, ஓடு ஒட்றதுக்கு."

"அக்கா பாக்கலையா?"

அம்மா மேலே பார்த்தாள். நானும் பார்த்தேன். ஏணியிலிருந்து கூரை வரைக்கும் சட்டி கைமாறுகிற வரிசை. மேல் முனையில் சித்தாள் அக்கா. தலையில் சும்மாடு, புருவமெல்லாம் சிமென்ட். அங்கிருந்து தெருவே தெரியும். டெம்போவில் ஏற்றியது முழுக்க அவள் கண்ணுக்கு முன்னால் நடந்திருக்கிறது.

பிறகு அவளே சொன்னாள். கத்தியிருக்கிறாள். "யோவ், அது என்துய்யா! அண்ணாத்தே, வெச்சுடுங்கய்யா!" என்று. மிஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்டதோ என்னவோ, ஒருவர் நிமிர்ந்து பார்த்துக் கையை ஆட்டினாராம், போய்வருகிறேன் என்கிற மாதிரி. இறங்கி ஓடலாம் என்றால் மேஸ்திரி விடவில்லை. தளம் போட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக்கூடாது. வரிசையில் ஒரு ஆள் நகர்ந்தால் கலவை இறுகி, பழையதும் புதியதும் ஒட்டாமல் அந்த இடத்தில் மழை இறங்கும். எங்கள் வீடு ஒழுகக்கூடாது என்பதற்காக அவள் தன் கூரை போவதைப் பார்த்துக்கொண்டே சட்டி வாங்கிச் சட்டி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் சைக்கிளை எடுத்தேன். குவார்ட்டர்ஸுக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. ஃபோர்மேன் மாமா வீட்டுக் கொல்லையில் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர், வெள்ளை பனியன், பேச்சில் தேன் ஒழுகும். பனஞ்சட்டத்தை அறுத்திருந்தார்கள். முழு நீளச் சட்டத்தை, நாய் உயரத்துக்கு. அந்த நாய் அவிழ்த்துவிட்ட சங்கிலியோடு புது ஓட்டு நிழலில் நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்திருந்தது. அதன்மேல் எனக்குக் கோபமில்லை, அது யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

"வாம்மணி, வா வா! தளம் ஜோராப் போட்டுட்டீங்க. பொங்கல் அபாரம் போ!"

"மாமா, அந்த ஓடெல்லாம் ஒருத்தங்களுக்குக் குடுக்கறதா சொல்லி வெச்சிருந்தோம். அவங்க வீட்டுக் கூரைக்கு."

"அப்படியா! தெரியாதுங்களே அம்மணி. சிவப்பு அடிச்சிருந்துச்சல்லொ? சரி, கழிச்சதுதான்னு நெனச்சுப்போட்டோம். உங்கப்பாருகிட்டக் கேட்டுப்போட்டுத்தான் எடுத்தோம், ஆமா."

"இப்பத் திருப்பிக் குடுத்துடுங்க மாமா. அவங்க வீட்டுல கூரையே இல்ல இப்ப."

மாமா சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, அதுதான் கஷ்டம். சின்னக் குழந்தை நிலாவைக் கேட்டால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. "அறுத்துப்போட்டமே கண்ணு. இனி ஒட்டவா முடியும்? அந்தப் பொம்பளைக்கு என்ன, ரெண்டு கீத்து வாங்கிப் போட்டுக்கிறா. அவங்களுக்கெல்லாம் ஓடு சரிப்படாதுங்க, கீத்துதான் குளுகுளுன்னு இருக்கும்." உள்ளே திரும்பி, "ஏம்புள்ள, பொண்ணு வந்துருக்குது, காபி கொண்டா" என்றார்.

காபி வந்தது. டம்ளரை வைத்த முக்காலியின் காலில் பழைய சிவப்பு. நான் குடிக்கவில்லை. காபியில் ஆடை மிதந்தது. இவ்வளவு மரியாதை. இவ்வளவு உபசாரம். அடுத்த வீட்டில் மாமி மடிசாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு குரோட்டன்ஸ் பாத்தியைச் சுற்றி ஓட்டைச் சாய்வாக நட்டு எங்கள் கலவையால் ஒட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "பாரேண்டி பொண்ணே, எத்தனை அழகா இருக்கு! உங்காத்து ஞாபகமா வெச்சுக்கறேன்" என்றாள். எதிர் பிளாக்கில் பின்கட்டுக் கதவு தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகிவிட்டது. ஜன்னலைப் புறாக்கூண்டுக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டின் பெரிய அடுக்கு ஒன்று மாமா வீட்டு மோட்டார் ரூமுக்குப் பின்னால் அப்படியே இருந்தது. எதற்கு என்று கேட்டேன். "இருக்கட்டுமே அம்மணி, எதுக்காச்சும் ஆகும்" என்றார்.

எதுக்காச்சும் ஆகும். அந்த வார்த்தையை வழியெல்லாம் மென்றுகொண்டே திரும்பினேன். பல்லி முட்டையும் எலிப் புழுக்கையும் கையில் அப்பியபோதுகூட எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்ததில்லை. தேவை இருந்து எடுத்தவர் அத்தனை பேரில் ஒருத்தர்கூட இல்லை. அத்தனை பேர் தலைக்குமேலும் சர்க்கார் போட்ட கான்கிரீட் இருந்தது.

வீட்டுக்கு வந்தால் அப்பா புதுத் தளத்தில் தண்ணீர் தேக்கிவைக்க மண்ணால் பாத்தி கட்டுவதற்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களாப்பா எடுத்துக்கச் சொன்னீங்க?"

"ஏட்டி, மெதுவாப் பேசு. அவ்வளவு பேரும் வீட்டுக்கு வந்திருக்காவ. ஃபோர்மேன் சார் வாயத் தொறந்து கேக்காரு. இல்லைன்னு எப்படிச் சொல்லுதது?"

"அது அக்காவோடதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சித்தாளுக்குக் குடுக்கப் போறேன், ஒங்களுக்கு இல்லைன்னு சொல்லுவேனா? கேக்கே நல்லா. அதுக்குப் பதிலா அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் ஷீட் வாங்கிக் குடுத்திருவோம். மஞ்ச கலர், கெட்டியா வருது இப்ப."

அப்பா கெட்டவர் இல்லை. என் கிழிந்த பாவாடையை யாரும் கேட்காமலே தைக்கக் கொடுத்தவர். ஆனால் அந்த நிமிஷத்தில், கையில் மண்வெட்டியோடு, ஃபோர்மேன் சாரின் பெயரைச் சொல்லும்போதே முதுகு ஒரு சுற்று வளைகிற அந்த மனிதரைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. பாக்டரியில் தேறாத பொருளைத் தேறாது என்று யார் முகத்துக்கு நேரேயும் சொல்கிறவர் என்று அம்மா பெருமைப்படுவாள். வீட்டு வாசலில் வாய் ஒட்டிக்கொண்டுவிட்டது.

மிஷின் நின்றது. அக்கா இறங்கிவந்தாள். வாளித் தண்ணீரில் முகத்தைக் கழுவினாள், சிமென்ட் போகவில்லை. வாசலில் அவள் தம்பி மீன்பாடி வண்டியோடு வந்து நின்றிருந்தான். வண்டியில் கயிறு, சாக்கு எல்லாம் தயார்.

"இன்னா பாப்பா," என்றாள் அக்கா. என் முகத்தைப் பார்க்கவில்லை. "குடுக்கலன்னா குடுக்கலன்னு ஒரு வார்த்த சொல்லிக்கலாம்ல? நான் இருந்த கீத்தயும் பிரிச்சுட்டு குந்திகினு கீறேன்."

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா."

"உனுக்குத் தெரியாது. உங்க நைனாக்குத் தெரியும்ல?"

அப்பா அந்தப் பக்கம் திரும்பி மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார். அம்மா அவசரமாக, "அந்த நிலைய வேணா எடுத்துட்டுப் போயேம்மா, தேக்கு அது" என்றாள்.

அக்கா அந்த நிலையைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "ஊடே இல்ல, நிலைய நட்டு வெச்சுகினு உள்ள பூந்து வெளிய வர்றதாம்மா? எஞ் சம்பந்தி வந்து பாத்தா நல்லாருக்கும். வாசல் கீது, ஊட்டக் காணோம்னு ஊரெல்லாம் சொல்லும்." தம்பியும் சிரித்தான். சிரித்துக்கொண்டே வானத்தைப் பார்த்தான். ஏரிப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. எங்கள் தளத்துக்கு மட்டும் தார்ப்பாய் வாடகைக்கு எடுத்து வைத்திருந்தோம்.

வெள்ளிக்கிழமைக்குள் கூரை இல்லையென்றால் மகள் அந்த வீட்டிலேயே, அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே பிள்ளை பெறவேண்டும். அக்கா வண்டியிலிருந்த கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"சுருட்டாதக்கா," என்றேன். "வண்டிய ஆவடிப் பக்கம் திருப்பச் சொல்லு."

"எதுக்கு?"

"ஓடு எந்தெந்த வீட்ல இருக்குதுன்னு பாத்துட்டு வந்துட்டேன். போய் எடுத்துட்டு வரலாம்."

"அய்யய்ய, எங்கள உள்ளயே உடமாட்டாங்க. அடிச்சுத் தொரத்துவாங்க."

"அடிக்க மாட்டாங்கக்கா. காபி குடுப்பாங்க. நீ குடிக்காத, அவ்ளோதான்."

தம்பி, "இன்னாக்கா, பாப்பா கெத்தாப் பேசுது" என்றான்.  அக்கா சும்மாட்டை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அப்பா மண்வெட்டியை ஊன்றி நின்று, "ஏட்டி, எங்க போறே? நாளைக்கு நான் எந்த முகத்தோட வேலைக்குப் போவேன்?" என்று கேட்டார். நான் சைக்கிளைத் திருப்பினேன். அம்மா உள்ளே போய்க் கடப்பாரையைக் கொண்டுவந்து வண்டியில் வைத்தாள்.

சைக்கிளை வண்டிக்கு முன்னால் விட்டுக்கொண்டு எனக்குள் வரிசை போட்டேன். அறுத்த சட்டம் போனது போனதுதான், அதற்கு மூங்கில் பார்க்கவேண்டும். மோட்டார் ரூமுக்குப் பின்னால் இருப்பது எங்கேயும் ஓடிவிடாது, அதைக் கடைசியில் ஏற்றிக்கொள்ளலாம். நாயைச் சங்கிலியில் கட்டச் சொல்லிவிட்டு அதன் கூரையை நானே ஏறிப் பிரிப்பேன். ஆனால் முதலில் மாமியின் குரோட்டன்ஸ் பாத்தி. அங்கே ஒட்டிய கலவை இன்னும் ஈரம். இருட்டுவதற்குள் போனால் ஓடு உடையாமல் கையோடு வரும்.